சார்ஜிங் மூடிக்கு மோட்டார் தேவையா?

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும், பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி, எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஏறும். கேபிளைச் சொருகும் இடமான சார்ஜிங் போர்ட்டை மூடியிருக்கும் அந்தச் சின்ன மூடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, கதவுக் கைப்பிடிக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் தொடப்போகும் வெளிப்பாகம் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் காரில் வாரம் ஒருமுறை டேங்கை நிரப்பினால், பத்து வருடத்தில் மூடி ஏறத்தாழ 520 முறை திறந்து மூடப்படும். மின்சாரக் காரை தினமும் இரவில் சார்ஜில் போடுகிறவருக்கு அதே பத்து வருடத்தில் 3,650 முறை. ஏழு மடங்கு. இத்தனை முறை இயங்கும் ஒரு பாகத்தில் மோட்டார் வைப்பது நல்லதா, கையால் திறந்து மூடும்படி விட்டுவிடுவது நல்லதா என்பது வசதியைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. வண்டி பழசாகும்போது நம்மை எங்கே நிறுத்தும் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

முதலில், இரண்டு வகைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கையால் திறக்கும் மூடியில் ஒரு கீல், ஒரு ஸ்பிரிங், ஒரு லாட்ச். ஓரத்தை அழுத்தினால் லாட்ச் விடுபட்டு ஸ்பிரிங் மூடியைத் தள்ளிவிடும். மறுபடி அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.4, ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ போன்ற கார்களில் இந்த வகைதான். நிசான் லீஃபில் காருக்குள் ஒரு பொத்தானை அழுத்தினால் மூக்கில் இருக்கும் மூடி விடுபடும், அப்புறம் கையால் தூக்க வேண்டும். இவற்றை ‘கை மூடி’ என்று சொன்னாலும், மின்சாரமே இல்லாதவை என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியைப் பூட்டும்போது மூடியையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்ன ஊசி போன்ற பூட்டு பெரும்பாலும் உள்ளே இருக்கும். அதை நகர்த்துவது ஒரு குட்டி மோட்டார்தான். பெட்ரோல் கார்களிலும் இந்த ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது.

மோட்டார் மூடியில் கதை கொஞ்சம் நீளம். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்கள், மூடி முழுதாகத் திறந்ததா மூடியதா என்று சொல்லும் சென்சார், வழியில் விரல் எதுவும் மாட்டினால் நின்றுவிடும் ஏற்பாடு, இத்தனையையும் கட்டுப்படுத்தும் ஒரு மின்னணு அலகு, அதைக் காரின் மற்ற பாகங்களோடு இணைக்கும் வயர். தொட்டாலோ, திரையில் தட்டினாலோ, சாவியில் அழுத்தினாலோ மூடி திறக்கும். டெஸ்லா மாடல் 3, ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6, லூசிட் ஏர் எல்லாம் இந்த வகை. போர்ஷே டைகானில் இதைக் கூடுதல் விலைக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். கையை அருகில் அசைத்தால் போதும், மூடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்காமல் உடம்புக்குள்ளேயே இறங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. டெஸ்லாவின் மாடல் எஸ் 2012-ல் வந்தபோது, சார்ஜிங் போர்ட் இடது பின்விளக்கை ஒட்டி ஒளிந்திருந்தது. அதைத் திறந்துவிடுவது மின்சாரம். மூடுவது நம் கை. தானாக மூடும் மோட்டார் பிற்பாடுதான் வந்தது. என்னைக் கேட்டால் அந்த ஆரம்ப ஏற்பாட்டில் நிறைய நியாயம் இருந்தது. கையில் கனமான கேபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் மூடி தானாகத் திறப்பது உதவி. கேபிளைக் கழற்றிச் சார்ஜரில் திரும்ப மாட்டிய பிறகு கை சும்மாதானே இருக்கிறது.

மூடியின் வேலை என்ன என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அது மின்சாரத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுவதற்காக இருப்பதாக நினைக்கிறார்கள். மூடி திறந்தே கிடந்தாலும் போர்ட்டின் ஊசிகளில் பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரம் இருக்காது. பேட்டரிக்கும் போர்ட்டுக்கும் நடுவே கான்டாக்டர் எனப்படும் பெரிய ஸ்விட்சுகள் இருக்கின்றன. வழக்கமாக அவை திறந்த நிலையில், அதாவது இணைப்பு இல்லாமல் இருக்கும். பிளக்கைச் சொருகியதும் காரும் சார்ஜரும் முதலில் ஒரு மெல்லிய சிக்னல் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். வீட்டில் சுவரில் மாட்டும் சார்ஜர் எதையும் சொருகாதபோது அந்தக் கம்பியில் 12 வோல்ட்டை வைத்திருக்கும். கார் இணைந்ததும் அது 9 வோல்ட்டாக இறங்கும். ‘நான் தயார், மின்சாரம் கொடு’ என்று கார் சொல்லும்போது 6 வோல்ட்டாகும். அதன் பிறகுதான் உண்மையான மின்சாரம் பாயத் தொடங்கும். வேகச் சார்ஜரில் இன்னும் ஒரு படி கூடுதல்: மின்கசிவு எதுவும் இல்லையா என்று சோதித்த பிறகே மின்சாரம் வரும்.

அப்படியானால் மூடி எதற்கு? தூசி, சேறு, பூச்சி, பனி, சாலையில் தெறிக்கும் கல் ஆகியவற்றிலிருந்து ஊசிகளைக் காப்பதற்கு. மழைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போனாலும் வெளியேற கீழே ஒரு வடிகால் துளை இருக்கும். அந்தத் துளையில் மண் அடைத்துக்கொண்டால்தான் தொல்லை. ஊசிகளில் துரு படிந்தால் இணைப்பு சரியாக இருக்காது, சூடேறும், சார்ஜ் ஏறும் வேகத்தைக் கார் தானே குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும். ஆக மூடியிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டுதான்: மூடியிருக்கும்போது இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தில்தான் மோட்டாரும் கையும் வெவ்வேறு வழியில் போகின்றன.

நல்ல நாளில் இரண்டுமே நன்றாக வேலை செய்யும். கெட்ட நாளில் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பனி உறையும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து, இரவில் உறைநிலைக்குக் கீழே வெப்பம் இறங்கினால், மூடிக்கும் காரின் உடம்புக்கும் இடையே உள்ள இடுக்கில் தண்ணீர் பனிக்கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். மோட்டாரின் விசை வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது, விரல் மாட்டினால் காயப்படக் கூடாது என்பதற்காக. அந்த மென்மையான மோட்டாருக்குப் பனிக்கட்டியும் விரலும் ஒன்றுதான். எதிர்ப்பு தெரிந்ததும் நின்றுவிடும். கை மூடியும் உறையும்; அதன் லாட்ச் விடுபட வேண்டுமானால் மூடி ஒரு சில மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும், பனி அதற்கு இடம் தராது. ஆனால் அங்கே நம் கைக்கு வேலை இருக்கிறது. உள்ளங்கையால் ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டினால், கொஞ்சம் அழுத்தினால், பனி உடைவது விரலுக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, இன்னும் எவ்வளவு அழுத்தலாம் என்று கைக்குப் புரியும். மோட்டாருக்கு அது புரியாது. பாதி திறந்து மாட்டிக்கொண்ட மோட்டார் மூடியைக் கையால் இழுத்தால், உள்ளே பற்சக்கரத்தின் பிளாஸ்டிக் பல் உடையக்கூடும். மெதுவாகத் தட்டிப் பனியை அகற்றுங்கள், பலவந்தமாக இழுக்காதீர்கள் என்று கையேடுகள் எச்சரிப்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்து, அடிக்கடி சொல்லப்படும் ஒரு பயம்: ‘12 வோல்ட் பேட்டரி செத்துப்போனால் மோட்டார் மூடி திறக்காது, சார்ஜ் போடவே முடியாது.’ முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை மூடியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. மின்சாரக் காரில் பெரிய பேட்டரி தவிர ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் இருக்கிறது. விளக்கு, பூட்டு, திரை, கணினி எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. மேலே சொன்ன கான்டாக்டர்களை மூடுவதும் அதன் மின்சாரத்தில்தான். அது முழுசாகச் செத்துவிட்டால், மூடி கையால் திறந்தாலும் கார் சார்ஜரோடு பேசாது. முதலில் 12 வோல்ட்டுக்கு உயிர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் மோட்டார் மூடியும் திறந்துவிடும். எனவே கை மூடிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் இது பலவீனமானது.

பலமான காரணம் வேறு. கார் முழுக்க நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, சார்ஜர் நன்றாக இருக்கிறது. மூடியின் சென்சார் மட்டும் பழுது. அல்லது பற்சக்கரத்தில் மணல். அல்லது மென்பொருள் குழம்பி, மூடி மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது. இந்த நிலையில் மோட்டார் மூடி வைத்திருப்பவர் சார்ஜிங் நிலையத்தில், பேட்டரியில் சொற்ப சார்ஜை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கை மூடியில் இந்த வகைப் பழுதுக்கு இடம் மிகக் குறைவு. முன்பு சொன்ன குட்டிப் பூட்டை விட்டால், அதில் உடையக்கூடியது ஸ்பிரிங்கோ லாட்ச்சோதான். ஸ்பிரிங் உடைந்தால் நகத்தால் நெம்பித் திறக்கலாம், லாட்ச் உடைந்தால் டேப் ஒட்டி வண்டியை ஓட்டலாம். அழகாக இருக்காது, ஆனால் வீடு வந்து சேரலாம்.

இங்கே இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ‘சார்ஜிங் போர்ட் மாட்டிக்கொண்டது’ என்று வரும் புகார்களில் ஒரு பங்கு மூடியைப் பற்றியதே அல்ல. சார்ஜ் ஏறும்போது யாரும் பிளக்கைப் பிடுங்கிவிடாதபடி அதைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு ஒன்று போர்ட்டுக்குள் இருக்கிறது. மூடி கையோ மோட்டாரோ, டைப் 2 (ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பரவலாக உள்ள பிளக் வகை) போன்ற போர்ட் உள்ள கார்களில் இந்தப் பூட்டு மோட்டாரில்தான் இயங்குகிறது. அது மாட்டிக்கொண்டால் கேபிள் வெளியே வராது. அதற்காகப் பல கார்களில் டிக்கியின் உட்சுவரிலோ பானெட்டுக்கு அடியிலோ இழுத்து விடுவிக்க ஒரு சின்னக் கயிறு வைத்திருக்கிறார்கள். கை மூடி உள்ள கார் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்து வாங்குவது ஏமாற்றத்தில்தான் முடியும்.

மறதி என்று ஒன்று இருக்கிறது. இதில் மோட்டார் மூடிக்கே என் ஓட்டு. கேபிளைக் கழற்றிவிட்டு, யாரோ கூப்பிட, மூடியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவது யாருக்கும் நடக்கும். மோட்டார் மூடி உள்ள கார், பிளக்கைக் கழற்றிய சில நொடிகளிலோ வண்டி நகரத் தொடங்கும்போதோ பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். கை மூடி திறந்தபடியே போகும். கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அப்போது முக்கியமாகிவிடுகிறது. மூடியின் முன்னோரத்தில் கீல் இருந்தால், வேகம் கூடும்போது காற்றே அதை மூடும் திசையில் தள்ளும். பின்னோரத்தில் இருந்தால் காற்று அதைப் பிடித்து விரிக்கும். குறுகலான கேட்டிலோ தூணிலோ இடித்தால் கீலோடு போய்விடும். மேல்நோக்கித் திறக்கும் மூடிக்கு ஒரு நன்மை உண்டு, மழையில் பிளக்குக்கு மேலே சின்னக் கூரை மாதிரி நிற்கும். மோட்டாரா கையா என்று சண்டை போடுவதற்கு முன் கீலைப் பார்ப்பது பயனுள்ளது. நானறிந்து விளம்பரப் பக்கங்களில் கீலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கார் கழுவும் இயந்திரத்தில் இரண்டு வகைக்கும் ஒரே ஆபத்துதான். வண்டி பூட்டப்படாமல் இருந்தால், சுழலும் பிரஷ் மூடியை அழுத்தும், மூடி திறந்துகொள்ளும், அடுத்த சுற்றில் பிரஷ் அதைப் பிடித்து இழுக்கும். டெஸ்லாவில் இதற்கென்றே கார் கழுவும் நிலை ஒன்று உண்டு. அதைப் போட்டால் சார்ஜிங் மூடியும் பூட்டிக்கொள்ளும். மற்ற கார்களில் உள்ளிருந்தபடியே கதவுகளைப் பூட்டினால் மூடியும் பூட்டிக்கொள்கிறதா என்று ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்வது நல்லது.

டெஸ்லாவைப் பற்றிப் பேசும்போது ஒரு சுவையான விஷயம். அதன் சார்ஜிங் கேபிளின் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும் ஒரு ரேடியோ சிக்னல் போய் மூடியைத் திறக்கும். வட அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. எந்த டெஸ்லா கேபிளும் எந்த டெஸ்லா காரையும் திறக்க வேண்டும் என்பதால், கார் சாவியில் இருப்பது போன்ற ரகசியக் குறியீடு இந்த சிக்னலில் இல்லை. கையடக்க ரேடியோ கருவியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் காரின் மூடியைச் சிலர் திறந்து விளையாடியதும் இதனால்தான். திறந்தால் அவர்களுக்குக் கிடைப்பது உயிரில்லாத ஊசிகள்தான், திருட ஒன்றுமில்லை. இதைப் பெரிய பாதுகாப்பு ஓட்டை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மூடிக்கு மோட்டார் வைத்தால் அதை யார் இயக்கலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இனி, மோட்டார் மூடியை ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்களிடம் நான் ஒத்துப்போகாத இடம்.

மணிக்கட்டில் வாதம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒரு கை மட்டும் இயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சார்ஜ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு, அழுத்தி நெம்பித் திறக்க வேண்டிய மூடி ஒவ்வொரு நாளும் ஒரு தடை. ஒரு கையால் கேபிளைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் மூடியைத் திறப்பது மற்றவர்களுக்குப் பொருட்டே இல்லாத வேலை. ஒரு கை மட்டும் இருப்பவர் கேபிளை மடியில் வைத்து, மூடியைத் திறந்து, மறுபடி கேபிளை எடுத்து, அதன் கனத்தைத் தூக்கிச் சொருக வேண்டும். மூடி தானே திறப்பது இதில் ஒரு முழுப் படியைக் குறைக்கிறது. ஆனால் அதோடு அவர்களுடைய சிரமம் தீர்ந்துவிடவும் இல்லை. சில மோட்டார் மூடிகளுக்குப் பின்னால், வேகச் சார்ஜிங் ஊசிகளின் மேல் இன்னொரு சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கையால்தான் இழுக்க வேண்டும். வெளியே மோட்டார் வைத்தவர்கள் உள்ளே இருப்பதை மறந்துவிட்டார்கள் என்று பார்த்தவுடனே தெரியும். அப்புறம் வேகச் சார்ஜர் கேபிளின் கனம் இருக்கிறது, போர்ட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது இருக்கிறது. இவற்றைக் கவனிக்காமல் மூடிக்கு மட்டும் மோட்டார் வைத்துவிட்டு ‘எல்லோருக்கும் எளிது’ என்று சொல்வது அரைகுறை வேலை.

மோட்டார் கட்டாயம் தேவைப்படும் இன்னொரு இடம் ரோபோ சார்ஜிங். மனிதக் கையே இல்லாமல் சார்ஜ் போட வேண்டுமென்றால் மூடி தானாகத் திறந்துதான் ஆக வேண்டும். பாம்பு போல நெளிந்து வந்து போர்ட்டைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனைச் சார்ஜரை டெஸ்லா 2015-ல் காட்டியது. ஹூண்டாய் 2023-ல் ஒரு சார்ஜிங் ரோபோவைக் காட்டியது. ஐயோனிக் 6 வந்து நின்றதும் ரோபோ காரோடு பேசி மூடியைத் திறக்க வைத்து, கேமரா மூலம் போர்ட்டின் இடத்தைக் கணித்து, பிளக்கைச் சொருகுகிறது. ஓட்டுநர் இல்லாத கார்கள் வாடகைக்கு ஓடும் காலத்தில் இது பொருள் உள்ளது. வீட்டுச் சுவரில் சார்ஜர் மாட்டியிருக்கும் குடும்பத்துக்கு இதனால் இப்போதைக்கு எதுவும் இல்லை.

சரி, எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்? கையால் அழுத்தித் திறந்து மூடும் மூடி, முன்னோரத்திலோ மேலேயோ கீல், பூட்டு பழுதானால் உள்ளிருந்து விடுவிக்க ஒரு வழி. மோட்டாரின் எல்லா வேலைகளிலும் தானாக மூடிக்கொள்வது ஒன்றைத்தான் நான் இழப்பேன். அதற்குப் பதிலாக, மூடி திறந்திருந்தால் திரையில் ஒரு எச்சரிக்கை போதும். உடல் காரணங்களால் மோட்டார் தேவைப்படுகிறவர் அதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம், கையால் திறக்கவும் ஒரு வழி இருக்கும் பட்சத்தில். அந்த மாற்று வழி இல்லாத மோட்டார் மூடியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கார் இயங்கத் தேவையான ஒரே நுழைவாயிலை ஒரு குட்டி மோட்டாரின் கையில் மட்டும் ஒப்படைப்பது நல்ல வடிவமைப்பு அல்ல.

பெரும்பாலான கார்களில் இந்தத் தேர்வு நம்மிடம் விடப்படுவதில்லை, எந்த மூடி வருகிறதோ அதுதான். அப்படியிருக்க, ஷோரூமில் காரைப் பார்க்கும்போது மூடியோடு ஐந்து நிமிடம் செலவழியுங்கள். கையில் பையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் திறந்து பாருங்கள். மோட்டார் மூடியென்றால், அது மூடும்போது நடுவே ஒரு துணியைப் பிடித்து, நின்று பின்வாங்குகிறதா என்று பாருங்கள். மோட்டார் வேலை செய்யாவிட்டால் எப்படித் திறப்பது என்று விற்பனையாளரைக் கேளுங்கள். அவசரக் கயிறு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், அது பிளக்கை விடுவிக்கிறதா, மூடியையும் திறக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் தெரியாமல் அவர் கையேட்டைப் புரட்டினால் நீங்களும் கூடவே படித்துவிடுங்கள். சர்வீஸ் பிரிவில் இன்னொரு கேள்வி: மோட்டார் போனால் மோட்டாரை மட்டும் மாற்றித் தருவார்களா, மூடி, சட்டம், சென்சார் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டுமா? தொகுப்பாகத்தான் என்றால், காரின் நிறத்தில் அந்த மூடிக்குப் பெயின்ட் அடிக்கும் செலவும் அதில் சேருமா என்று கேட்டு, வாரண்டி முடிந்த பிறகு ஆகும் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.